பேக்வெல்லில் ஒரு நாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டார்பிஷரில் இருக்கும் பேக்வெல்லுக்கு ரயில் டிக்கெட் தேடுவதுதான் முதல் தவறு. ஸ்டேஷன் கட்டடம் நிற்கிறது; ரயில் நின்று போனது 1967-இல். தண்டவாளம் கிடந்த அந்தத் தடம்தான் இன்று மான்சல் டிரெயில் என்ற நடைபாதை. மேட்லாக் வரையோ பக்ஸ்டன் வரையோ ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தடம் தொடங்கிவிடாது. வை ஆற்றின் ஐந்து வளைவுக் கல்பாலத்தைத் தாண்டி மேடேற வேண்டும். பக்கத்தில் ஹாடன் ஹால் என்ற மாளிகை. அதன் உரிமையாளரான ரட்லண்ட் கோமகனின் கண்ணில் ரயில் படக் கூடாது என்பதற்காக, அங்கே பாதையைச் சுரங்கத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள். அதனால்தான் ஸ்டேஷனும் மேட்டுக்குப் போயிற்று. கோமகனின் கௌரவத்துக்கு இன்று மூச்சு வாங்குவது நாம்.

தடம் சமதளமாகத் தெரிவதால் முழுவதையும் நடந்துவிடலாம் என்று ஆசை வரும். ஒரு வழிக்கே ஏறக்குறைய 14 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஊரைப் பார்க்கப் பொழுதும் இருக்காது, காலும் இருக்காது. ஆறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் மான்சல் ஹெட் என்ற காட்சி மேடு வரை போனால் போதும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெட்ஸ்டோன் சுரங்கம் முடிந்த கையோடு ரயில் மேம்பாலம் தொடங்கிவிடுகிறது. நடப்பவருக்கு அது இருபுறமும் கைப்பிடிச் சுவர் உள்ள ஒரு பாதை, அவ்வளவுதான். காலடியில் ஐந்து பெரிய வளைவுகள் பள்ளத்தாக்கைக் கடந்து நிற்பது தெரியாமலே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுரங்க வாயிலருகே மேலே ஏறும் செங்குத்தான பாதையில் சிரமம் பாராமல் ஏறுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால்தான் பாலம், ஆறு, பள்ளத்தாக்கு மூன்றும் சேர்ந்து தெரியும். 1863-இல் வந்த ரயிலைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் பின்னாளில் கொதித்தார்: பக்ஸ்டன் முட்டாள் அரை மணியில் பேக்வெல்லுக்கும், பேக்வெல் முட்டாள் பக்ஸ்டனுக்கும் போவதற்காகவா இந்தப் பள்ளத்தாக்கைப் பாழாக்கினீர்கள் என்று. அவர் சபித்த பாலத்தைப் பார்க்கத்தான் இன்று கூட்டம். எனக்கென்னவோ இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

2011-இல் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்ட சுரங்கங்களில் விளக்கு உண்டு, ஆனால் பகலில் மட்டுமே. மாலை நடைக்கு டார்ச் தேவை. கோடையிலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும், மேலே நீர் சொட்டும். சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் வரும் பாதை இது; நால்வர் கைகோத்துப் பரவி நடக்காதீர்கள்.

ஊரில் செர்ரி வைத்த கேக்கைத் தின்றுவிட்டு பேக்வெல் புட்டிங் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். உண்மையான புட்டிங் பார்க்க அவலட்சணம்: அடுக்கடுக்கான மாவு ஓட்டில் ஜாம், அதன்மேல் முட்டையும் பாதாமும் சேர்ந்த குழைவு. சூடாகக் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை சந்தை நாள்; காரில் வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை நாளைத் தொலைப்பார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.