சாதனத்தை உறங்கவிடாத எண்ணிக்கை: லினக்ஸ் டிரைவர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வந்து லினக்ஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதப் பழகும் பொறியியல் மாணவர்களின் நிரல்களைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரி மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். கம்பைலர் எச்சரித்துவிடும் பிழைகளையும், முதல் முறை ஓட்டியதுமே போர்டை நிறுத்திவிடும் பிழைகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை; அவை தாமாகவே வெளிப்பட்டுவிடும். சாதனங்களை எப்போது உறங்க வைப்பது, எப்போது எழுப்புவது என்பதைக் கவனிக்கும் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் நேரும் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. எல்லாம் சரியாக ஓடும். பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டிருக்கும்.

இந்தக் கட்டமைப்பு ரஃபேல் விசோக்கியின் உழைப்பில் 2009-இல் வெளிவந்த 2.6.32 பதிப்பில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் கர்னல் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்திருக்கிறது. சாதனம் தேவைப்படும்போது 'கெட்' வகை ஃபங்ஷன் அதை ஒன்று கூட்டும்; வேலை முடிந்ததும் 'புட்' வகை ஒன்று குறைக்கும்; சுழியமானால்தான் சாதனம் உறங்கலாம். (கீழே வரும் ஃபங்ஷன் பெயர்கள் அனைத்தின் முன்னும் பிஎம்_ரன்டைம் என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.)

விழித்திருக்கும் சாதனத்தை உறங்குவதாகப் பதிவு செய்வது

சாதனத்தை டிரைவர் ஏற்கும்போது ஓடும் புரோப் ஃபங்ஷன் தொடங்கும்போது, சாதனம் உறக்கத்தில் இருப்பதாகவே கர்னல் கருதுகிறது. கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் ஏற்கெனவே மின்சாரம் கொடுத்திருந்தாலோ, புரோபுக்குள் நாமே மின்சாரம் தரும் ரெகுலேட்டரையும் துடிப்பு தரும் கிளாக்கையும் இயக்கியிருந்தாலோ, 'எனேபிள்' அழைப்பதற்கு முன்பே 'செட்_ஆக்டிவ்' மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் முதல் 'கெட்' அழைப்பிலேயே சாதனத்தை எழுப்பும் ரிசூம் ஃபங்ஷன் ஓடி, ஏற்கெனவே இயங்கும் கிளாக்கை இரண்டாம் முறை இயக்கும். அதன்பின் அந்தக் கிளாக்கின் கணக்கு ஒருபோதும் சுழியத்துக்கு வராது.

ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு 'கெட்_சிங்க்' அழைப்பது

கூடாது. ஸ்பின்லாக் என்பது பிடித்திருக்கும் நிரல் உறங்கவே கூடாத பூட்டு; 'கெட்_சிங்க்'கோ சாதனம் எழும்வரை அழைத்த நிரலை உறங்க வைக்கக்கூடிய அழைப்பு. இன்டரப்டுகள் நிறுத்தப்பட்ட நிலையிலும் அழைக்கலாம் என்று பொருள்படும் 'ஐஆர்க்யூ_சேஃப்' என்று குறித்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதும் கூடாது, ஏனெனில் அந்தச் சாதனம் இணைந்திருக்கும் பெற்றோர்ச் சாதனம் பின்னர் உறங்கவே முடியாது.

தோற்றுப்போன 'கெட்_சிங்க்' ஏற்றிவைத்த எண்ணிக்கையை இறக்காமல் விடுவது

எத்தனை ஆண்டு கடந்தும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாணவர்கள் எழுதும் நிரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதலில் 'கெட்_சிங்க்' அழைக்கிறார்கள், அது திருப்பித் தரும் மதிப்பு சுழியத்துக்குக் கீழே இருந்தால் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனிலிருந்து வெளியேறுகிறார்கள், இல்லையெனில் சாதனத்தின் உள் நினைவிடமான ரெஜிஸ்டரைப் படித்து, இறுதியில் 'புட்' அழைக்கிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு இதில் குற்றமே தெரியாது. கிடைக்காத ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் சி மொழியில் நாம் கற்ற பழக்கம். மெமரி கேட்டுக் கிடைக்காவிட்டால் யாரும் அதை விடுவிப்பதில்லை. ஆனால் 'கெட்_சிங்க்' முதலில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, அதன் பிறகே சாதனத்தை எழுப்ப முயல்கிறது. எழுப்புவது தோற்றாலும் கூட்டிய எண் கூட்டியதாகவே இருக்கும்.

பங்காளிகள் பலருக்குப் பொதுவான ஒரு செட்டிநாட்டு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். வந்து தங்கும் குடும்பங்களின் பெயரை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நோட்டில் எழுதுகிறார். ஒவ்வொருவர் புறப்படும்போதும் பெயரை அடிக்கிறார். எல்லாப் பெயரும் அடிபட்ட பிறகே முகப்புக் கதவைப் பூட்டுகிறார். சென்னையிலிருந்து கிளம்புகிறோம் என்று தொலைபேசியில் சொன்ன குடும்பத்தின் பெயரை அப்போதே எழுதிவிட்டு, ரயிலைத் தவறவிட்டு அவர்கள் வராமலே போனால் என்ன ஆகும்? வராதவர் புறப்படுவது எப்படி? அந்தப் பெயரை அடிக்க ஆளில்லை, கதவும் பூட்டப்படாது.

இது நடைமுறையில் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குச் சுற்றுவட்டாரக் கண்மாய்களின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் சோலார் பெட்டி ஒன்றைச் சொல்கிறேன். அதில் ஓர் அழுத்த சென்சார் ஐ2சி பஸ்ஸில் (சில்லுகளை இணைக்கும் இரு கம்பித் தடத்தில்) இணைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் வைத்துச் சோதித்தபோது சென்சார் ஒழுங்காக உறங்கி எழுந்தது. கண்மாய்க் கரைக்குப் போன பெட்டியோ, கணக்கிட்ட காலத்துக்கு வெகு முன்பே அடங்கிவிட்டது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் ஊர் எங்களுடையது. இங்கே மின்சாரம் குறைந்தால் முதலில் பேட்டரியின் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம் போகும். மாணவர்கள் பேட்டரியை மாற்றினார்கள், சோலார் தகட்டைத் துடைத்தார்கள், கம்பி இணைப்புகளைப் புதிதாகப் பற்றவைத்தார்கள். "சார், பேட்டரிதான் சார் போலி" என்று ஒருவர் உறுதியாகவே சொன்னார்.

உண்மையில் நடந்தது வேறு. சென்சார் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போர்டு முழுவதும் உறக்கத்துக்குப் போகிறது. அதன் பிற்கட்டத்தில், ஒவ்வொரு சாதனத்துக்கும் ரன்டைம் பவர் மேனேஜ்மென்டைக் கர்னலே தற்காலிகமாக முடக்கிவிடும். சரியாக அந்த இடைவெளியில் டிரைவரின் ஒர்க்கியூவில் (பின்னர் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில்) இருந்த வேலை ஒன்று அளவெடுக்க முயன்று 'கெட்_சிங்க்' அழைத்தது. முடக்கப்பட்ட நிலையில் உறங்கும் சாதனத்தை எழுப்ப அனுமதியில்லை என்பதற்கான மைனஸ் 13 திரும்பி வந்தது. டிரைவர் மேலே சொன்னபடி வெளியேறிவிட்டது. போர்டு விழித்ததும், உறக்கத்தின்போது தான் கூட்டிவைத்திருந்த ஒன்றைக் கர்னல் ஒழுங்காகக் குறைத்துக்கொண்டது. டிரைவர் விட்டுவிட்டுப் போன ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அடுத்த அளவீட்டுக்குச் சென்சார் எழுந்தது, சரியான அளவையும் தந்தது. ஆனால் 'புட்' அழைத்தபோது எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்ததே தவிர, சுழியத்தைத் தொடவில்லை. சென்சார் அதன்பின் விழித்தபடியே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மேசையில் யாரும் போர்டை முழுவதுமாக உறங்க வைத்துச் சோதிக்காததால் இது அங்கே தென்படவே இல்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது கர்னலின் மௌனம். 'புட்' ஒன்று கூடுதலாக அழைக்கப்பட்டால், எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போகிறது என்று இன்றைய கர்னல்கள் லாகில் எச்சரிக்கின்றன. 'கெட்' ஒன்று கூடுதலானால் எச்சரிக்க வழியில்லை. யாரோ உண்மையாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் கர்னல் நம்ப வேண்டியிருக்கிறது.

எனவே நாமே போய்ப் பார்க்க வேண்டும். கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் 'பவர்' அடைவுக்குள் 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' என்று இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்; 'ஆன்' என்றிருந்தால் கர்னலே ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு சாதனத்தைச் சும்மா விட்டுவிட்டு 'ரன்டைம்_சஸ்பெண்டட்_டைம்' கோப்பை இடைவெளி விட்டு இருமுறை படியுங்கள். அது மில்லிசெகண்டில் இருக்கும். ஏறவில்லையென்றால் சாதனம் உறங்கவில்லை. கர்னலை பிஎம் அட்வான்ஸ்டு டீபக் தேர்வுடன் கட்டியிருந்தால் 'ரன்டைம்_யூசேஜ்' கோப்பு எண்ணிக்கையையே காட்டிவிடும். போர்டை ஒருமுறை முழுவதுமாக உறங்க வைத்து எழுப்பிய பிறகும் இதையெல்லாம் செய்ய வேண்டும். அந்தப் பெட்டியின் பிழை அப்போதுதான் பிடிபட்டது.

திருத்தம் எளியது. தோல்விப் பாதையில் 'புட்_நோஐடில்' அழைத்து எண்ணைக் குறைக்கலாம். அதைவிட நல்லது, 2020-இல் 5.10 பதிப்பில் சேர்ந்த 'ரிசூம்_அண்ட்_கெட்'. தோற்றால் அதுவே எண்ணைக் குறைத்துவிடும். வென்றால் சுழியம்தான் தரும். 'கெட்_சிங்க்' போல, சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் 1 என்று தந்து, சுழியம் அல்லாத எதையும் பிழையாகக் கொள்பவர்களை ஏமாற்றாது. பழைய ஃபங்ஷனையே மாற்றியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதன் போக்கை அறிந்து சரியாக எழுதப்பட்ட டிரைவர்கள் ஏராளம். மாற்றினால் அவையெல்லாம் இருமுறை குறைக்கத் தொடங்கிவிடும். அந்தப் பெட்டியின் டிரைவரில் இதோடு, போர்டு உறங்கும்போது தானாக நின்றுவிடும் ஃப்ரீசபிள் ஒர்க்கியூவுக்கு அந்த வேலையை மாற்றவும் வேண்டியிருந்தது.

ஆனால் தேடி மாற்றும் கட்டளையால் கோப்பு முழுவதும் ஒரே வீச்சில் மாற்றிவிடாதீர்கள். பழைய 'புட்_நோஐடில்' அப்படியே இருக்கும் இடங்களில் எண் இருமுறை குறையும். குறிப்பாக, டிரைவரைச் சாதனத்திலிருந்து கழற்றும் ரிமூவ் ஃபங்ஷனில், 'கெட்_சிங்க்' தரும் மதிப்பைச் சோதிக்காமலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறுதியில் குறைப்பது முறையான வழக்கம். அங்கே பழைய ஃபங்ஷனே பொருத்தம்.

உறங்கும் சாதனத்தின் ரெஜிஸ்டரை இன்டரப்ட் ஹேண்ட்லரில் படிப்பது

இன்டரப்ட் என்பது சாதனம் கவனம் கேட்டு எழுப்பும் சமிக்ஞை; அது வந்ததும் ஓடும் ஃபங்ஷன் ஹேண்ட்லர். இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொண்டால், மற்றொன்று எழுப்பிய இன்டரப்டுக்கும் நம் ஹேண்ட்லர் அழைக்கப்படும். அப்போது நம் சாதனம் உறக்கத்தில் இருக்கலாம். பிசிஐ சாதனமானால் எல்லா பிட்டும் 1 ஆகிய மதிப்பு கிடைக்கும். எல்லா நிகழ்வும் ஒரே நேரத்தில் நடந்ததாக ஹேண்ட்லர் நம்பிவிடும். ஆர்ம் எஸ்ஓசி (ஒரே சில்லில் அடங்கிய கணினி) பலவற்றில் கிளாக் இல்லாத பகுதியைத் தொட்டாலே கர்னல் விழுந்துவிடும். ஹேண்ட்லரின் தொடக்கத்தில் 'கெட்_இஃப்_இன்_யூஸ்' அழைத்து, அது சுழியத்துக்கு மேல் தந்தால் மட்டுமே ரெஜிஸ்டரைத் தொட வேண்டும். முடிவில் உரிய 'புட்' அழைப்பையும் மறக்கக்கூடாது.

புரோப் தோற்கும்போது 'டிஸேபிள்' அழைக்காமல் போவது

அடுத்த முறை ஏற்றும்போது லாகில் 'அன்பேலன்ஸ்டு' என்று வரும்; தானாகவே 'டிஸேபிள்' செய்துவிடும் 'டெவ்எம்' வகை எனேபிளைப் பயன்படுத்துங்கள்.