மைசூர்ப் போர் மினியேச்சர்கள்: பெங்களூரில் சேர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மினியேச்சர் எனும் சிறு போர்வீரர் பொம்மைகளை, எந்தப் போர் என்று மட்டும் தீர்மானித்து, எந்த ஆண்டு என்று தீர்மானிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மைசூர்ப் போர் என்றால் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் 1767 முதல் 1799 வரை பிரிட்டிஷாரோடு நடத்திய நான்கு போர்கள். எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் 1815 வாட்டர்லூ காலத்துப் பொம்மைகள். அந்த வீரர்களின் தலையில் இருக்கும் ஷாக்கோ என்ற உயரமான தொப்பி, பிரிட்டிஷ் காலாட்படைக்கு வந்ததே 1800இல். திப்பு இறந்ததோ 1799 மே 4. பெட்டி பெட்டியாக வாங்கிய பிறகு இதைக் கவனித்தால், தலையை அறுத்து வேறு தலை ஒட்ட வேண்டியதுதான்.

அளவிலும் கவனம் வேண்டும். 1/72 பொம்மை, அதாவது நிஜ ஆளின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 24 மி.மீ. உயரம். அதை 28 மி.மீ. பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் சிறுவன் மாதிரி தெரியும். 28 மி.மீ. என்பதையே சிலர் உச்சந்தலை வரையும் சிலர் கண் வரையும் அளக்கிறார்கள். புதிய கம்பெனியில் முதலில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கிப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வளையும் பிளாஸ்டிக்கை அப்படியே வண்ணமடித்தால் துப்பாக்கி முனையிலிருந்து உரியத் தொடங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்கு உலர்த்தி, பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். ஸ்ப்ரே பிரைமரை ஜூலை, ஆகஸ்ட் மழை நாளில் பால்கனியில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் மேற்பரப்பு மாவு தூவியது போல் சொரசொரப்பாகிவிடும்.

பழைய ஈயப் பொம்மைகளுக்கு எதிரி, ஆசையாகச் செய்த மர அலமாரிதான். பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, முழுக்கக் காயாத பெயின்ட் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் அமில ஆவி, மூடிய கதவுக்குள் தேங்கி ஈயத்தை அரிக்கும். முதலில் காலணி மடிப்பில், அடித்தட்டு ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அதைத் தூசி என்று ஊதிவிடுவார்கள். ஊதவே கூடாது, அது நஞ்சு. கையுறையும் மாஸ்க்கும் போட்டு ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, இரும்பு அல்லது கண்ணாடி அலமாரிக்கு மாற்றுங்கள். காற்று போக இடைவெளியும் விடுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்கும், அமில ஆவிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

வாசிப்புக்கு வருவோம். ஆங்கில நூல்களில் ‘பொல்லிலூர்’ என்று வருவது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். அங்கே இரண்டு சண்டைகள்: 1780 செப்டம்பர் 10இல் பிரிட்டிஷ் தளபதி பெய்லியின் படை அழிந்தது, 1781 ஆகஸ்டில் இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஐர் கூட் ஹைதரோடு மோதினார். தளபதியின் பெயரைப் பார்க்காமல் படித்தால் இரண்டும் குழம்பும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தில் 1780 சண்டையைக் காட்டும் சுவரோவியத்தைப் பார்த்துச் சீருடைக்கு வண்ணம் எடுப்பதும் ஆபத்து. அது பிற்காலத்தில் திரும்ப வரையப்பட்டது.

கே.ஆர். மார்க்கெட் அருகே உள்ள பெங்களூர்க் கோட்டையில், மதில் உடைந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டில் 1791 மார்ச் 21 என்றிருக்கும். கோட்டைக்கு வெளியே இருந்த கடைவீதி நகரமான பேட்டை மார்ச் 7ஆம் தேதியே பிரிட்டிஷாரிடம் விழுந்துவிட்டது. அதன் தெருச்சண்டையையும் கோட்டைத் தாக்குதலையும் ஒரே பலகையில் அடுக்காதீர்கள். கோட்டைக்குள் பிரிட்டிஷார் ஏறியது இரவில், நிலா வெளிச்சத்தில். அந்தக் காட்சிக்கு நீல வானமும் மஞ்சள் வெயிலும் தீட்டியிருந்தால், மறுபடி தீட்ட வேண்டியதுதான்.