பழைய பென்ஸில் கியர் லீவர் ஆடுகிறதா? புஷ் மாற்றி ராடைச் சரிசெய்வது எப்படி

வீட்டு ஷெட்டில் பழைய ஆட்டோமேட்டிக் பென்ஸ் ஒன்று நிற்கிறது. எடுத்து ஓட்ட ஆசை, ஆனால் கியர் லீவர் பிடிப்பே இல்லாமல் ஆடுகிறது. கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். உப்புக்காற்று பாடியை அரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ராடு, அதன் முனைகளில் உள்ள பிளாஸ்டிக் வளையமான புஷ், அந்த வளையம் மாட்டும் சிறு இரும்புத் தண்டான 'பின்', அதைக் கழலாமல் பிடிக்கும் கிளிப் எல்லாம் வண்டிக்கு அடியில் இருப்பதால் அவற்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

1976-இல் வந்த டபிள்யூ 123, 1979-இல் வந்த டபிள்யூ 126, 1984-இல் வந்த டபிள்யூ 124 ஆகிய பென்ஸ் மாடல்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 1995 முதல் புனேயில் தயாரான 124-களில் கையால் கியர் மாற்றும் வண்டிகளும் உண்டு, அவற்றுக்கு இது பொருந்தாது. ராடுக்குப் பதிலாக கேபிள் வைத்த கார்களில் சரிசெய்யும் இடமே வேறு, அதற்கு அந்தந்த மேனுவல்தான்.

முதலில், 'பார்க்' என்ன செய்கிறது?

கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி, பல்சக்கரத்தின் பல்லில் போய் விழுந்து பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். உள்ளே லீவர் 'பார்க்'கைக் காட்டுவதால் கொக்கி விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புஷ் தேய்ந்திருந்தால் லீவர் முழுத் தூரம் போயும் கியர்பாக்ஸ் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நின்றுவிடலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்திலிருந்து ரிவர்ஸில் சரிந்து விழுந்தால், ஆள் இல்லாத வண்டி பின்னால் நகரும். இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் இப்படிப்பட்ட விபத்துகள் பற்றிப் புகார்கள் குவிந்து, 1980-இல் 1970-களின் வண்டி உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப ஃபோர்டு ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் போனது.

நம் பக்கம் ஒரு கூடுதல் வம்பு, தரை எல்லாம் சமம். பார்க் சரியாக விழாத கார்கூட ராமநாதபுரம் பஜாரில் அசையாமல் நிற்கும். பாம்பன் சாலைப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் சமதரையாக இருந்தாலும் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்காதீர்கள்.

வண்டியைத் தூக்குவது

எஞ்சினை அணைத்து, சைலன்சர் ஆறும்வரை காத்திருங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார்க் உதவாது. தூக்கிய சக்கரம், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாகச் சுற்றிக்கொள்ளும், வண்டி உருளும்.

கடலோர வீட்டு முற்றம் பெரும்பாலும் மணல். ஸ்டாண்டின் கால் ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் வண்டி சாய்ந்துவிடும். அடியில் அகலமான தடித்த மரப்பலகை போடுங்கள். கடப்பா கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், இரண்டும் திடீரென்று உடையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது

ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கட்டும், நீங்கள் அடியிலிருந்து பாருங்கள். லீவர் நகர்ந்தும் ராடு சும்மா இருந்தால் மேல்முனைப் புஷ் போயிருக்கிறது. ராடு நகர்ந்தும் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள சிறு கை அசையவில்லை என்றால் கீழ்முனைப் புஷ். பெரும்பாலும் இரண்டுமே போயிருக்கும். பழைய பிளாஸ்டிக் விரலால் தொட்டாலே பழுப்புத் தூளாக உதிரும்.

பலர் புஷ்ஷை விட்டுவிட்டு ராடின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அது வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. தேய்ந்த புஷ்ஷை வைத்து டிரைவைச் சரிசெய்தால் பார்க் கெடும், பார்க்கைச் சரிசெய்தால் டிரைவ் கெடும். முதலில் புஷ், அப்புறம்தான் அளவு.

புஷ் மாற்றுவது

கிளிப்பைக் கழற்றி ராடை எடுங்கள். துருப்பிடித்த கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். அது கழன்று விழுந்தால் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே இருக்காது. பின்னை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். அங்கே துருச் சொரசொரப்பு மிச்சம் இருந்தால் புதுப் புஷ்ஷையும் அரைத்துவிடும். அந்தப் பின்னே பாதியாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

புதுப் புஷ் இறுக்கமாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் விளிம்பு கிழியும். நன்றாகச் சுட்ட தண்ணீரில் சில நிமிடம் போட்டால் இளகும். எடுத்த கையோடு சி-கிளாம்ப் வைத்து மெதுவாக அழுத்துங்கள், டக்கென்று உட்காரும். பின்னில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அளவு வைப்பது

கியர்பாக்ஸ் முனையை இன்னும் மாட்ட வேண்டாம். கியர்பாக்ஸின் கையைப் பார்க் பக்கம் கடைசிவரை தள்ளி, அங்கிருந்து இரண்டு சொடுக்கு திரும்ப வாருங்கள். முதல் சொடுக்கு ரிவர்ஸ், அடுத்தது நியூட்ரல். உள்ளே லீவரும் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஆனால் லீவர் நகரும் பாதையில் உள்ள தடுப்பில் இடித்தபடி அல்ல. லீவருக்கும் நியூட்ரல் தடுப்புக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. பழைய ஏ.டி.எம். கார்டைச் செருகிப் பார்த்தால் கிட்டத்தட்டப் புரிந்துவிடும்.

இந்த நிலையில் ராடின் முனை, இழுக்காமல் தள்ளாமல், தானாகப் பின்னில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால், முனை திரும்பாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி முனையைத் திருகி நீளத்தை மாற்றுங்கள். சரியானதும் லாக் நட்டை இறுக்கி, புதுக் கிளிப்பைப் போடுங்கள்.

சோதனை

வண்டியை இறக்கிய பிறகு, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்புங்கள். பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டுமே செல்ஃப் அடிக்க வேண்டும். டிரைவிலோ ரிவர்ஸிலோ அடித்தால் கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள நியூட்ரல் சுவிட்ச் தப்பு. ரிவர்ஸ் லைட்டும் அதே சுவிட்சிலிருந்துதான் வருகிறது, அதையும் பாருங்கள். உப்பு ஏறிய சுவிட்சில் செல்ஃப் ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. அதற்காகச் சுவிட்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எந்தக் கியரிலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

கடைசியாக, சமதரையில் எஞ்சினை அணைத்து, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஒருவர் பிரேக் பெடலுக்கு மேல் காலை வைத்துக்கொண்டு உள்ளே இருக்க, இருவர் முன்னிருந்தும் பின்னிருந்தும் தள்ளட்டும். கொஞ்சம் நகர்ந்து 'டக்'கென்று நிற்பது சரியே. நிற்காமல் உருண்டால் ஓட்டாதீர்கள், அதற்கு மேல் கியர்பாக்ஸ் தெரிந்த மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இனி அடிப்பாகத்தை உப்பான போர் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். குடம் வைத்துப் பிடிக்கும் காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்ற வீட்டில் விடமாட்டார்கள், நியாயம்தான். ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் பின்னிலும் கிளிப்பிலும் கிரீஸ் தடவினால் போதும். ஆயில் மாற்றும்போதெல்லாம் லாக் நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.