தனியுரிமை பற்றி இளையோரிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி, கல்லூரிகளில் இணையத் தனியுரிமை பற்றிப் பேசப் போகிறவர்கள் பலர் புட்டசாமி வழக்கில் தொடங்குகிறார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். மகத்தான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கவலை வேறு: கூடப் படிப்பவன் எடுத்து வைத்திருக்கும் ஸ்க்ரீன்ஷாட், போனின் பின் நம்பர் தெரிந்த அண்ணன், பிரிந்த பிறகும் விடாத காதலன். அங்கிருந்து பேச்சை எடுங்கள். கண்காணிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விளம்பர நிறுவனங்கள் சேர்க்கும் தகவல்களைப் பற்றி அப்புறம் சொன்னால் சட்டெனப் புரியும்.

‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி முடிப்பதும் வீண். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். தெரியாத கருவி இருந்தால், தங்கள் உரையாடல்களை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். உடனே லாக் அவுட் செய்ய வேண்டும். ஸ்னாப்சாட்டில் இருப்பிடத்தை மறைக்கும் கோஸ்ட் மோடையும் காட்டுங்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது, பெண் பிள்ளைகளை மட்டும் பார்த்து ‘போட்டோ போடாதீங்க’ என்று மிரட்டும்போதுதான். நாளை ஒருவன் படத்தை வைத்து மிரட்டினால் அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். தப்பு தன்மேல்தான் என்று நாமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அவளுக்குத் தெரிய வேண்டியவை இவை: பணம் கொடுக்காதே, மிரட்டிய மெசேஜ்களை அழிக்காதே, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதியலாம். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும், அந்தப் படத்தின் கைரேகை போன்ற ஹாஷ் எண் மட்டுமே போகும். அதை வைத்து, திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன. பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு இதே முறையில் ‘ஸ்டாப்என்சிஐஐ’ உண்டு.

பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைக்குத் தெரியாமல் போனைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தெரிந்த நாளிலேயே பிள்ளை அவர்களிடம் பேசுவதை நிறுத்திவிடும்.

கடைசியாக, நிகழ்ச்சி நடத்துபவர்கள் தாங்களே செய்வது. வருகைப் பதிவு என்று கூகுள் ஃபார்மில் எல்லோருடைய போன் நம்பரையும் வாங்காதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதும். சீருடையோடு பிள்ளைகளை நிற்கவைத்து, பள்ளிப் பெயர் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றவும் வேண்டாம். படம் வேண்டுமென்றால் பேனரை எடுங்கள், பேசுபவரை எடுங்கள்.