பொருள் தெரியும், வாக்கியம்தான் வரவில்லை: ஆங்கிலத் தொடர்களைப் பழகும் வழி

ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழில் பொருள் தெரிந்துவிட்டால் மட்டும் அதை எழுதிவிட முடியாது. அதன் பின்னால் என்ன சொல், எந்த வடிவில் வரும் என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலும் அந்த ஒட்டுமிடத்தில்தான் பிழை வருகிறது.

ஆவலோடு எதிர்பார்ப்பதைச் சொல்லும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சலின் கடைசி வரியில் பலர் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறார்கள். ‘டு மீட்டிங் யூ’ என்றுதான் வர வேண்டும். ‘வான்ட் டு மீட்’ சரியாக இருக்கும்போது இது ஏன் தவறு? ‘டு’வுக்கு அடுத்து ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ பொருந்தும். ‘வான்ட் டு இட்’ பொருந்தாது. பொருந்தும் இடத்தில் வினைச்சொல் ‘இங்’ சேர்த்துக்கொண்டு வரும்.

‘யூஸ்ட் டு’ இன்னும் குழப்பும். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை’ என்றால் முன்பு மதுரையில் இருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் மதுரை’ என்றால் மதுரை வாழ்க்கை பழகிவிட்டது. நடுவில் ஒரு ‘ஆம்’ வந்ததும் பொருளே மாறிவிடுகிறது.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டுக்கும் தமிழே கைகொடுக்கும். ‘2 வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘2020இலிருந்து’ என்று ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ஆனால் காலத்தில் தமிழை நம்பக் கூடாது. ‘2 வருஷமாக வேலை பார்க்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று கை எழுதிவிடும். ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்பதே சரி.

‘டிஸ்கஸ் அபவுட்’ நம் ‘பற்றி’யிலிருந்து வந்த பிழை. ‘டிஸ்கஸ் த ப்ளான்’ போதும். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது ‘அபவுட்’ சேரலாம்.

மழை என்றதும் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ எழுதுவதை விட்டுவிடுங்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த வாசனை அடிக்கும். ‘இட்ஸ் ரெய்னிங் ஹெவிலி’ இயல்பாக இருக்கும்.

பயிற்சிக்கு வாரம் 3 தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் நேற்று நடந்தது ஒன்று, கேள்வி ஒன்று, மறுப்பு ஒன்று என 3 வாக்கியம், உங்கள் வேலையிலிருந்தே எழுதுங்கள். மறுநாள் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். சந்தேகம் வந்தால் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடி, செய்தித்தாள் வாக்கியங்களில் அதன் அடுத்த சொல்லைப் பாருங்கள். தேடலில் எத்தனை முடிவு வந்தது என்ற எண்ணிக்கையை நம்பாதீர்கள். பிழையான தொடருக்கும் ஏராளமாக வரும்.