பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? திருகைத் தொடாதீர்கள்

மழை ஓய்ந்து புல் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் மூலையில் கிடக்கும், புல் வெட்டும் பிரஷ் கட்டர் பலருக்கும் ஞாபகம் வரும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததும், ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரின் திருகுகளைத் திருப்பத் தொடங்கிவிடுவார்கள். முதல் தவறு அதுதான். போன சீசனில் நன்றாக ஓடிய மெஷினில் அந்தத் திருகுகள் தானாக மாறுவது அபூர்வம். கெட்டுப்போனது பெரும்பாலும் டேங்கில் கிடந்த பெட்ரோல்தான்.

இப்போது இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சும் பிசுக்கு கார்ப்பரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். உள்ளேயுள்ள டயாபிரம் என்ற மெல்லிய சவ்வும் விறைத்துப்போகும். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும்.

அடுத்தது, டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்குக் கண்ணளவில் ஆயில் ஊற்றுவது. 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. எது என்பதை மேனுவல் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், செலவு ஆயிரக்கணக்கில். கூடினால் புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி, அப்புறம் சைலன்சர் வாயில் இருக்கும் சிறு வலை அடைப்பு. ஸ்டார்ட் ஆகியும் இழுவை இல்லையென்றால் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக் மெஷின்களில் இந்தக் கலவையே கூடாது. அதற்கு இன்ஜின் ஆயில் தனி.

சோக்கைப் போட்டபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை ஆஃப் செய்து, சோக் இல்லாமல் ஏழெட்டு முறை கயிற்றை இழுத்துவிட்டு மாட்டினால் சரியாகும்.

ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசலாம். பேப்பர் ஃபில்டரை அலசினால் குப்பைதான்.

பிளேடு நட்டில் பலர் மல்லுக்கட்டுவார்கள். பெரும்பாலான மெஷின்களில் அது இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், இல்லை மரை போகும். கியர் ஹெட்டில் இருக்கும் துளையில் கம்பியைச் செருகி பிளேடு சுற்றாமல் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன்னே பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள். இன்ஜின் தவறிப்போய் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு.