பழைய காரின் ஒயரில் டேப் சுற்றுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் ஆண்டுக்கணக்காகக் கொட்டகையில் நின்ற பழைய அம்பாசிடரையோ ஃபியட்டையோ திறந்தால், ஒயரின் மேலுறை வெடித்துப் பொரிந்திருப்பதுதான் முதலில் கண்ணில் படும். உடனே டேப்பை எடுத்துச் சுற்றிவிடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். வெடிப்பின் வழியே புகுந்த அந்த ஈரம் செப்பு இழைகளின் இடுக்கில் ஏறி, உறை நன்றாக இருக்கும் இடத்திலும் செம்பை அரித்துவிடுகிறது. ஒரு ஹெட்லைட் ஒயரில் ஓர் அங்குலம் சீவியபோது இழைகள் கறுத்துப் பச்சை பூத்திருந்தன. இன்னும் ஒரு சாண் சீவிய பிறகே செம்பின் நிறம் தெரிந்தது. அதுவரை வெட்டி எறியத்தான் வேண்டும்.

கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது என்பதால் ஆசிட் தொட்டுப் பற்றவைப்பவர்கள் உண்டு. அந்த ஆசிட்டின் மிச்சம் உள்ளிருந்தே ஒயரைத் தின்னும். ரோசின் (பைன் மரப் பிசின்) பசையே போதும். காடி வாடை வீசும் சிலிக்கான் பசையும் செம்புக்கு ஆகாது. உள்ளே ஒட்டுப்பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை ஈயம் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும். மறந்துவிட்டு ஒட்டைப் பிரித்த அனுபவம் எனக்கும் உண்டு.

0.3 மி.மீ. இழைகள் 28 கொண்ட ஒயர் இருந்த இடத்தில் 14 இழை ஒயரைப் போடுவதும், ஃபியூஸ் எரிகிறதென்று பெரிய ஃபியூஸ் மாட்டுவதும் தீயை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையை, அதாவது காரின் பாடியோடு இணைந்த முனையைக் கழற்றுங்கள். அது நெகட்டிவ்தான் என்று எண்ணிவிடாதீர்கள்; பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் ஃபீல்டு காயிலில்தான் (காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளில்தான்) அதிகப் பொறுமை தேவை. அதன் பருத்தி நாடா இற்றுப்போனால் பிவிசி டேப் சுற்றக் கூடாது; சூட்டில் அதன் பசை உருகி வழியும், சுற்று தடித்தால் நடுவில் சுழலும் ஆர்மேச்சர் உரசும். பழைய நாடாவை மெல்லப் பிரித்து, புதிய பருத்தி நாடாவைப் பாதிக்குப் பாதி ஏறும்படி ஒரே சுற்றாகச் சுற்றி, பிறகு வார்னிஷ் ஊட்ட வேண்டும். ஆனால் ஈரக் காயிலுக்கு வார்னிஷ் ஊட்டினால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததாகிவிடும். மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பல்பு துணியைத் தீண்டாதபடி காயிலை ஓர் இரவு முழுவதும் உலர்த்துவது என் வழக்கம். காயிலின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, காயிலுக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்ப்பதையும் வெயில் நேரத்தில் ஒருமுறை செய்து நிறுத்திவிடாதீர்கள்; பகலில் சுத்தமாகக் காட்டிய காயில், ஈரம் சுமந்த கொண்டல் காற்று அடிக்கும் இரவில் மின்கசிவு காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.